கயல் எந்த சீட்டில் உட்கார வேண்டும்?

குடும்பமாகக் காரில் கிளம்பினால் குழந்தை யார் மடியில் என்பதற்கு நம் வீடுகளில் எழுதாத ஒரு வரிசை உண்டு. முன் சீட்டில் அம்மா, அவள் மடியில் குழந்தை. அம்மாவுக்குக் கால் மரத்துப்போனால் பின் சீட்டுப் பாட்டிக்குக் கை மாறும். பிள்ளை ஜன்னல் வழியே மாட்டையும் லாரியையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். பால் கேட்டால் கொடுக்கலாம், தூங்கினால் தோளில் சாய்த்துக்கொள்ளலாம். இதைவிடப் பத்திரமான இடம் எது? பெற்றவள் பிடியை விட்டுவிடுவாளா என்ன?

நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அதற்கு ஒரு குழந்தை வேண்டும். கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கயல் கற்பனை, அவளுடைய எடையும் உயரமும் கற்பனை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணை பெண் குழந்தைகளுக்குத் தரும் நடு அளவுகளை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். பிறந்தபோது 3.2 கிலோ, 49 செ.மீ. முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ, 74 செ.மீ. இந்த அத்தியாயம் முடியும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதாகியிருக்கும்.

பத்தில் ஒரு பங்கு நொடி

கயலுக்கு ஒரு வயது. கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஊருக்குள் ஓட்டுகிற வேகம். இதை யாரும் வேகம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ஆனால் இந்த வேகத்தில் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒரு புளியமரம். மோதியதும் காரின் மூக்கு நசுங்குகிறது. நசுங்கட்டும் என்றுதான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். முன்பகுதி சுமார் 60 செ.மீ. உள்வாங்கும், அந்தத் தூரத்துக்குள்தான் காரின் மீதிப் பகுதி முழு வேகத்திலிருந்து நிற்கிறது. கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பாரே, அந்த வேலைதான் இது. நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் கூடினால் அடி குறையும்.

60 செ.மீ.க்குள் நின்றுவிட ஆகும் நேரம் பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் காருக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்த, அதன் எடையைப் போல் சராசரியாக 16 மடங்கு விசை தேவைப்படும். 9 கிலோ கயலை நிறுத்த 144 கிலோவைத் தாங்கும் பிடி வேண்டும். அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல், கண் இமைப்பதற்குள். அம்மாவை விடுங்கள், பயில்வானாலும் ஆகாது.

பிடி நழுவினால் கணக்கு இன்னும் மோசம். கார் நின்றுவிட்டது; கயல் நிற்கவில்லை. அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் டாஷ்போர்டில் மோதுகிறாள். காருக்கு நிற்க 60 செ.மீ. கிடைத்தது. அவளுக்கு 5 செ.மீ. கிடைப்பதே சந்தேகம். கிடைத்தாலும் 16 மடங்கு என்பது 200 மடங்கு ஆகிவிடும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும் வேகமும் இதே 50தான்.

சிலர் சாமர்த்தியமாக, தாங்கள் போட்டிருக்கும் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். மடியில் சும்மா வைத்திருப்பதைவிட இது ஆபத்து. 60 கிலோ அம்மா அந்தக் கணத்தில் ஒரு டன்னை நெருங்குகிறாள். முன்னால் பெல்ட், பின்னால் ஒரு டன், நடுவில் பிள்ளை.

இதை ஏற்றுக்கொள்ள சட்டம் எழுதுகிறவர்களுக்கே காலம் பிடித்தது. குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம் என்று முதலில் சட்டம் போட்ட அமெரிக்க மாநிலம் டென்னசி. 1978இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்காக அலையாய் அலைந்தவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர். சட்டம் நிறைவேறும்போது உறுப்பினர்கள் ஒரு விலக்கைச் செருகிவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் கையில் வைத்திருந்தால் இருக்கை தேவையில்லை. தாய்மடி மேல் உள்ள நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை. ‘குழந்தை நசுக்கி’ என்று எதிர்ப்பாளர்கள் பெயர் சூட்டிய அந்த விலக்கை நீக்க 1981 வரை போராட வேண்டியிருந்தது. 1985க்குள் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

எலும்பு முற்றாத பயணி

மடி வேண்டாம், காரில் இருக்கும் பெல்ட்டையே போட்டுவிடலாமே?

இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மும்முனை பெல்ட்டை 1959இல் வடிவமைத்தவர் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின் மேல் படிகிறது. மேல்பட்டை காறை எலும்பையும் விலாக்கூட்டையும் சாய்வாகக் கடக்கிறது. உடம்பின் கெட்டியான இடங்களாகப் பார்த்து விசையை இறக்குவதுதான் அதன் நுட்பம். அது நம்பியிருப்பது வளர்ந்தவரின் எலும்புகளை. கயலிடம் அவை இன்னும் தயாராகவில்லை.

முதலில் தலை. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். வளர்ந்தவருக்கு ஏழில், எட்டில் ஒரு பங்கு. 9 கிலோ கயலின் தலை மட்டுமே ஏறத்தாழ இரண்டரை கிலோ இருக்கும்.

அந்தத் தலையைத் தாங்கும் கழுத்து இன்னும் ஆச்சரியம். பிறக்கும்போது கழுத்தின் முள்ளெலும்பு ஒவ்வொன்றும் முழு எலும்பாகவே இருப்பதில்லை. சில துண்டுகள், அவற்றை ஒட்டவைத்திருக்கும் குருத்தெலும்பு, அவ்வளவுதான். துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறுகுவது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வயதுக்குள். எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் தளர்வானவை. ஆகவே பலமாக இழுத்தால் குழந்தையின் கழுத்து நீண்டு கொடுக்கும். உள்ளே ஓடும் தண்டுவடம் அந்த அளவுக்கு நீளாது. ஆபத்து இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

கடைசியாக இடுப்பு. உங்கள் இடுப்பின் முன்பக்கம், இரு ஓரங்களிலும் விரலால் அழுத்திப் பாருங்கள்; இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடாமல் தடுத்து வைப்பவை அவைதாம். பிள்ளைகளுக்கு அந்த முனைகள் சரியாக எழும்ப ஏறக்குறைய பத்து வயதாகிவிடும்.

முதலில் கழுத்து, பிறகு இடுப்பு என்று உறுதிப்படுகிறது உடம்பு. கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் குழந்தை இருக்கைகள் குழப்பமாகத் தெரிந்தால் இதை நினைவில் வையுங்கள். இந்த எலும்புகள் முற்றும் வரிசையில்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள்.

முதுகு முன்னால்

முதல் இருக்கை பின்னோக்கிய இருக்கை. குழந்தையின் முகம் காரின் பின்பக்கத்தைப் பார்க்கும். முதுகு வண்டி போகும் திசையில் இருக்கும்.

கயலை முன்னால் பார்க்க உட்கார வைத்து, தோளிரண்டு, இடுப்பிரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் வாரால் கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இதை ஐந்துமுனை வார் என்போம். புளியமரத்தில் கார் மோதுகிறது. வார் உடம்பைப் பிடித்துவிடும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. இரண்டரை கிலோ தலை, 16 மடங்கு: 40 கிலோ, அந்தக் குருத்தெலும்புக் கழுத்தைப் பிடித்து முன்னால் இழுக்கிறது. இப்போது அவளைத் திருப்பி வையுங்கள். அதே மோதலில் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கையின் கூட்டுக்குள் அழுந்துகின்றன. விசை அதேதான், முதுகு முழுதும் பரவிவிடுகிறது. கழுத்து எதையும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

இந்த யோசனை வந்த இடம் விண்வெளி. அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகில் விசையைத் தாங்கும்படி படுத்த நிலையில் இருப்பதைக் கவனித்த ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், குழந்தைகளுக்கும் அதையே செய்தால் என்ன என்று 1964இல் ஒரு மாதிரி இருக்கையைச் செய்து சோதித்தார். இன்றும் ஸ்வீடனில் நான்கு வயதுவரை பின்னோக்கி உட்காரும் பிள்ளைகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

நம் வீடுகளில் இதற்குச் சில ஆட்சேபங்கள் எழும். “பிள்ளை மூஞ்சியே தெரியலையே, அழுதா எப்படித் தெரியும்?” என்பார் பாட்டி. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் தீர்ந்தது. அவருக்கும் ஒரு பெல்ட் இருக்கிறது. கால் நீட்ட இடமில்லையே என்பது அடுத்தது. சம்மணம் போட்டு உட்காருவதில் குழந்தைகளை மிஞ்ச ஆளில்லை. பின்னோக்கிய இருக்கை சிறிதாகிவிட்டதா என்பதைத் தலையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தலை உச்சிக்கும் கூட்டின் மேல் விளிம்புக்கும் இடையே ஓர் அங்குலம் மிச்சம் இருக்கும்வரை அது பொருந்துகிறது. பின்னாலிருந்து வண்டி வந்து இடித்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் யோசிக்கிறவர்கள். அப்படி இடிக்கும்போது இரண்டு வண்டிகளும் பெரும்பாலும் ஒரே திசையில் போகும், ஆகவே மோதும் வேகம் குறைவு. நேருக்கு நேர் மோதலில் இரண்டு வேகங்களும் எதிரெதிரே சந்திக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு கதையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு வயது கடந்த குழந்தைகளுக்குப் பின்னோக்கிய இருக்கை ஐந்து மடங்கு பாதுகாப்பானது என்று 2007இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அந்த எண் உலகம் சுற்றியது; இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு அதே தரவுகளை மீண்டும் அலசியவர்களால் அந்த முடிவை எட்ட முடியவில்லை. காயம்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சிறியதாக இருந்தது. ஆய்வை வெளியிட்ட இதழே அதைத் திரும்பப் பெற்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018இல் ‘இரண்டு வயதுவரை’ என்ற தன் பழைய கெடுவை எடுத்துவிட்டது. அதற்குப் பதில் அது சொன்னது: இருக்கையின் எடை, உயர எல்லை அனுமதிக்கும்வரை பின்னோக்கியே வையுங்கள். ஐந்து மடங்கு என்ற எண்ணை இனி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கழுத்தைப் பற்றிய கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

லேபிளைப் படிப்பது

இப்போது கயலோடு கடைக்குப் போவோம். நல்ல இருக்கையின் பக்கவாட்டிலோ அடியிலோ அங்கீகார லேபிள் ஒட்டியிருக்கும். ஐரோப்பிய அங்கீகாரம் பெற்றவற்றில் அது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதில் ஆர்44 என்றிருந்தால் பழைய விதி, எடையை வைத்து வகை பிரிப்பது. ஆர்129 என்றிருந்தால் 2013இல் வந்த புதிய விதி, உயரத்தை முதன்மையாகக் கொண்டது; அதன்படி 15 மாதத்துக்கு முன் குழந்தையை முன்னோக்கித் திருப்பக் கூடாது. பழைய விதியின் இருக்கைகளைப் புதிதாக விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2024 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இந்தியாவுக்கென ஏஐஎஸ் 072 என்ற தரநிர்ணயம் உண்டு. அதுவும் ஆர்44 போல எடைக் கணக்குதான். ஆகவே நம் கடைகளில் எடை வரிசையே அதிகம் கண்ணில் படும்.

அந்த எடை வரிசை இப்படிப் போகும்: பின்னோக்கி 13 கிலோவரை, முன்னோக்கி, ஐந்துமுனை வாரோடு, 9 முதல் 18 கிலோ, பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் 15 முதல் 36 கிலோ. எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒன்று முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுகிறது. பெற்றோர் தவறுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கயல் 9 கிலோவைத் தொடுவது ஒரு வயதில். அன்றைக்கே லேபிள் அவளை முன்னோக்கித் திருப்ப அனுமதித்துவிடும். அவள் 13 கிலோவைத் தொடுவது இரண்டரை வயதுக்கு மேல். நடுவில் ஒன்றரை ஆண்டுக்கும் அதிகமான காலம். இரண்டு விதமாக உட்கார்ந்தாலும் லேபிள்படி சரி. கழுத்தைக் கேட்டால் ஒன்றைத்தான் சொல்லும். அடுத்த இடமும் இதேபோல்தான். மூன்றரை வயது வாக்கில் 15 கிலோ ஆனதும் பூஸ்டருக்கு அனுமதி வந்துவிடும்; ஐந்துமுனை வார் தாங்கும் 18 கிலோவை அவள் எட்டுவது ஐந்து வயதில். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு பெல்ட்டை அசக்காமல் நேராக உட்காரும் பொறுமை இருக்காது. வார் அந்தப் பொறுமையைக் கேட்பதில்லை.

எனவே இரண்டு எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் எப்போதும் பழைய இருக்கையிலேயே தங்குங்கள். பெரிய இருக்கைக்கு மாறுவதைப் பள்ளியில் அடுத்த வகுப்புக்குப் போவதாக நினைத்துக் கொண்டாடுகிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளை கொஞ்சம் பாதுகாப்பை இழக்கிறது. மாற்றம் தள்ளிப்போகப் போக நல்லது. கயலைவிடச் சிறிய உடம்பு வாகுள்ள பிள்ளைகள் நம்மிடம் ஏராளம். அவர்கள் வயதுக் கணக்கில் இன்னும் கூடுதல் காலம் அதே இருக்கையில் இருக்கலாம், இருக்க வேண்டும்.

பச்சைக்குழந்தைக்கு மட்டும் இன்னொரு கவலை உண்டு. பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து தாய்வீட்டுக்குப் போகும் அந்த முதல் பயணத்தில் குழந்தையின் கழுத்து நிற்காது. இருக்கை நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் சரிந்து, தாடை மார்பில் முட்டி, மூச்சுக்குழாய் மடங்கிவிடும். அதனால் பிறந்த குழந்தைக்கு இருக்கை கிட்டத்தட்ட 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். குறைப்பிரசவக் குழந்தை என்றால் வீட்டுக்குக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஊர் வந்து சேர்ந்ததும், தூங்குகிறதே என்று இருக்கையிலேயே விட்டுவிடாமல் எடுத்துத் தட்டையான இடத்தில் படுக்க வையுங்கள்.

பூஸ்டர் செய்யும் வேலை

ஆறரை வயதுக் கயலைப் பாருங்கள். 118 செ.மீ. இருக்கிறாள். பெரியவர்கள் சீட்டில், பெரியவர்கள் பெல்ட்டோடு, பெருமையாக உட்கார்ந்திருக்கிறாள். முதுகைச் சாய்த்தால் முழங்கால் சீட்டின் விளிம்புக்கு வரவில்லை. கால்கள் குச்சிபோல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அது வலிக்கும். ஆகவே கொஞ்ச நேரத்தில் முழங்காலை மடக்க வாகாக முன்னால் நழுவி, முதுகை வளைத்துச் சரிந்துகொள்கிறாள். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிட்டது. மேல்பட்டை கழுத்தில் உரசுகிறது, உறுத்துகிறது. அதைக் கையால் இழுத்து அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் பெல்ட் போட்ட பிள்ளை. உண்மையில் வயிற்றைச் சுற்றி ஒரு கயிறுதான் இருக்கிறது.

மோதினால், பிடித்துக்கொள்ள இடுப்பெலும்பு முனைகள் இல்லாததால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். முழு விசையும் குடலின் மேல், அதற்குப் பின்னால் உள்ள முதுகெலும்பின் மேல். விபத்தில் வந்த குழந்தையின் வயிற்றில் குறுக்காகக் கன்றிய தடம் தெரிந்தால், அனுபவமுள்ள மருத்துவர்கள் குடல் கிழிந்திருக்கிறதா, கீழ் முதுகெலும்பு முறிந்திருக்கிறதா என்று உடனே தேடத் தொடங்குவார்கள். அந்தத் தடம் அத்தனை பேசும்.

பூஸ்டர் குழந்தையை எதனோடும் கட்டுவதில்லை. உயர்த்தி உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். உயர்ந்ததும் மேல்பட்டை கழுத்தைவிட்டு இறங்கித் தோளின் நடுவுக்கு வருகிறது. இருபுறமும் உள்ள கொம்பு போன்ற பிடிகளுக்கு அடியில் கீழ்ப்பட்டை நுழைந்து தொடையின் மேல்பகுதியில் படிகிறது. இருக்கையின் ஆழம் குறைவதால் முழங்காலும் மடங்கும், நழுவ வேண்டிய தேவை போய்விடும். 1978இல் வால்வோ கொண்டுவந்த பூஸ்டர் மெத்தையின் தத்துவம் இன்றும் மாறவில்லை. தலையணையையோ மடித்த போர்வையையோ போட்டு உயரம் கூட்டுவது வேலைக்கு ஆகாது. மோதலில் அது நசுங்கும், நழுவும். பட்டையைக் கீழே பிடித்து வைக்கும் கொம்பும் அதில் இல்லை.

முதுகுள்ள பூஸ்டர், முதுகில்லாத பூஸ்டர் என்று இரண்டு விதம் கிடைக்கும். முதுகுள்ளதையே வாங்குங்கள். தூங்கிச் சாயும் தலையைத் தாங்கும், தோள்பட்டையையும் சரியான இடத்தில் நிறுத்தும். 2017 முதல் ஐரோப்பிய விதிப்படி புதிதாக அங்கீகாரம் பெறும் முதுகில்லாத பூஸ்டர், 22 கிலோவுக்கும் 125 செ.மீ.க்கும் மேலான பிள்ளைகளுக்கு மட்டும்தான். கயல் 125 செ.மீ. தாண்டுவது எட்டு வயதை ஒட்டி.

பூஸ்டரை எப்போது விடலாம்? பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் 135 செ.மீ. என்று வைத்திருக்கிறார்கள், பிரிட்டனில் பன்னிரண்டு வயது நிறைந்தாலும் போதும். அமெரிக்க மருத்துவர்கள் 145 என்கிறார்கள். ஜெர்மனியில் 150, அல்லது பன்னிரண்டு வயது. கயல் 135ஐத் தொடுவது ஒன்பதரை வயதில், 145ஐத் தொடுவது பதினொன்றில், 150 பன்னிரண்டு நிறைவதற்குச் சற்று முன்னால். நாட்டுக்கு நாடு எண் மாறுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; உங்கள் காரின் சீட்டிலேயே விடை இருக்கிறது. பிள்ளையைப் பூஸ்டர் இல்லாமல் உட்கார வையுங்கள். முதுகு சீட்டில் முழுதாகப் படிய வேண்டும். அப்படிப் படிந்த நிலையில் முழங்கால் விளிம்பில் மடங்க வேண்டும். கீழ்ப்பட்டை தொடையின் மேல் கிடக்க வேண்டும், வயிற்றைத் தொடக் கூடாது. மேல்பட்டை காறை எலும்பின் நடுவைக் கடக்க வேண்டும். இதே நிலையில் பயணம் முழுக்க இருக்கவும் முடிய வேண்டும். கடைசி நிபந்தனையில்தான் பலர் தோற்பார்கள். ஒன்று தவறினாலும் பூஸ்டர் தொடரட்டும்.

வாங்கிய பிறகு

சரியாகப் பொருத்தாத நல்ல இருக்கை, காரில் உருளும் இன்னொரு பொருள். சரியாகப் பொருத்திப் பயன்படுத்தினால் கைக்குழந்தைகளின் விபத்து மரணங்களை ஏறக்குறைய 70 சதவீதம் குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் ‘சரியாக’ என்ற சொல்லுக்குத்தான் கனம்.

இருக்கையைக் காரோடு பிணைக்க இரண்டு வழிகள். ஒன்று காரின் பெல்ட்டையே அதன் வழியாகக் கோப்பது. மற்றது ஐசோஃபிக்ஸ்: பின் சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். இருக்கையின் கொக்கிகள் அவற்றில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். இருக்கையின் தலைப்பக்கம் முன்னால் கவிழாமல் இருக்க மேலே ஒரு வார், அல்லது தரையில் ஊன்றும் ஒரு தாங்குகால் கூடவே இருக்கும். அதை மறந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வளையத்தால்தான் கூடுதல் பாதுகாப்பு என்பதில்லை. பெல்ட்டில் கோப்பதைவிட ஐசோஃபிக்ஸில் தப்பு செய்வது கடினம், அதுவே அதன் சிறப்பு. பெல்ட்டில் கோப்பவர்கள் குறியைப் பார்த்துக் கோக்க வேண்டும்: பல இருக்கைகளில் பின்னோக்கி வைக்கும்போது நீலம், முன்னோக்கி வைக்கும்போது சிவப்பு.

பொருத்தி முடித்ததும் பெல்ட் கடக்கும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் தளர்வு. பிறகு குழந்தையை உட்கார வைத்து வாரை இறுக்கி, தோள் அருகே அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து கையில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் கனத்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வாரை மாட்டி, அதை மேலே போர்த்திவிடலாம். மோதலில் ஸ்வெட்டர் அழுந்தி, அதன் தடிமன் அளவுக்கு வார் தளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏற்றும் முன் வாரின் இரும்புப் பூட்டைத் தொட்டுப் பாருங்கள். தொடையில் சூடுபட்ட குழந்தை அடுத்த முறை அந்த இருக்கையில் ஏறாது.

அக்கா பிள்ளைக்கு வாங்கியதை வாங்கிக்கொள்ளலாமா? அது விபத்தில் சிக்கவில்லை என்று அக்காவுக்கு உறுதியாகத் தெரிந்தால், காலாவதித் தேதி தாண்டாமல் இருந்தால், லேபிளும் கையேடும் இருந்தால், தாராளமாக. யாரென்று தெரியாதவரிடம் வாங்குவது வேண்டாம். பலமான மோதல் ஒன்றைத் தாங்கிய இருக்கைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

முன் சீட்

சில விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்னோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிய ஆகும் நேரம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு, வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கலாம். பின்னோக்கிய இருக்கையில் குழந்தையின் தலை, அந்த ஏர்பேக் வெடித்து வரும் வாசலிலேயே இருக்கிறது. மெதுவான மோதல்களில்கூட இப்படிக் குழந்தைகள் இறந்ததை அமெரிக்கா 1990களில் கண்டது. இந்தியாவில் 2022 முதல் விற்பனைக்கு வரும் புதுக் கார்களில் முன் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். வெயில் மறைப்பை இறக்கிப் பாருங்கள், குழந்தை இருக்கைப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட எச்சரிக்கை ஒட்டியிருக்கும். பூஸ்டரை விட்ட பிறகும் பதின்மூன்று வயதுவரை பின் சீட்டே மேல். அதாவது கயல், பன்னிரண்டு வயதில் 151 செ.மீ. உயரத்தோடு, முன் சீட்டுக்காகச் சண்டை போட்டாலும் பின்னால்தான்.

இந்தியாவில் இது சட்டமும்கூட. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயது நிறையாத பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஹெல்மெட்டுக்கு மறிக்கிற மாதிரி இதற்கு வண்டியை மறிப்பதை நான் பார்த்ததில்லை. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை டூவீலரில் ஏற்றினால் பாதுகாப்பு வார், ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2023 பிப்ரவரியில் இன்னொரு விதியும் அமலானது. அதைக் கேள்விப்படாதவர்களே அதிகம்.

194பி பிரிவு எந்த எடைக்கு எந்த இருக்கை என்று பிரித்துச் சொல்லவில்லை. அதைப் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைக்குப் போகும் முன் பிள்ளையைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து, எடையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருக்கையை உங்கள் காரில் வைத்துப் பார்க்க விடுகிற கடையாகப் பார்த்துப் போங்கள். கடைக்காரர் “பாப்பாவுக்கு என்ன வயசு?” என்றுதான் கேட்பார். நீங்கள் எடையையும் உயரத்தையும் சொல்லுங்கள்.